நாடு கலங்குங்கால் நெஞ்சு கலங்காமை

(வலங்கைமானில் ஒரு பிரதோட நாள் மாலை அன்பர் குழுவிற் பேசியதன் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்



உயிர்கட்கு எய்துந் துன்பங்களுள் வந்துற்ற துன்பத்தினும் வரக்கடவதென்று எண்ணப்படுந் துன்பமே பெரிதும் வருத்துவதாயுள்ளது. வந்த துன்பத்திற்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மருந்திடலாம், பிறரிடங் காட்டி அழலாம், ஒரு நாள் தீர்ந்ததென்று மூச்சு விடலாம். வருமென்று அஞ்சப்படுவதற்கோ எல்லையுமில்லை, உருவமுமில்லை. ஆகலின் அதனை வெல்லுதல் அரிதாகின்றது. அதிலும் ஒருவன் தன் வீட்டைப் பற்றிக் கொள்ளுங் கவலைக்கு அவன் கைகள் ஏதேனும் செய்ய இயலும். நாட்டைப் பற்றிக் கொள்ளுங் கவலைக்கு அவன் கைகள் எட்டா. எட்டாத கவலை நெஞ்சினுள்ளேயே சுழன்று நெஞ்சையே தின்னும்.

இதனை இன்று பேசப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் உடன்பிறந்தார் இருவர் உளர். இருவரும் தீக்கை பெற்றவர். இருவரும் பூசை உடையவர். அவர்களிடை நில வழக்கில்லை, பொருள் வழக்கில்லை. ஆயினும் சென்ற ஆண்டு தந்தையாரின் திதியை மூத்தவர் இங்கும் இளையவர் தாம் பணிபுரியும் பெருநகரிலுமாகத் தனித்தனியே செய்தனர். நாடாளும் முறைபற்றிக் கைப்பேசியில் தொடங்கிய வாதம் ஒன்று அந்த அளவுக்கு முற்றிவிட்டது. இளையவர் அண்மையில் அடியேனைக் காணப் போந்து, "ஐயா, ஆறு மாதமாக எனக்கு உறக்கமில்லை. இந்த நாடு என்னாகுமோ, என் பிள்ளைகள் என்னாவார்களோ என்னும் நினைவு விட்டபாடில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்துச் செய்தி பார்க்கிறேன். திருமுறை ஓத உட்கார்ந்தால் நாக்கு ஓதுகிறது. தில்லைக்குப் போக வேண்டிய மனம் தில்லிக்குப் போய்விடுகிறது. பூசை செய்கிறவனுக்கு இப்படி ஆகலாமா?" என்று கேட்டார். கேட்டவர் கண்களில் நீர் இருந்தது. அவருக்கு அன்று அடியேன் கூறிய விடை நிறைவுடையதன்று. பின்னர் எண்ணிப் பார்த்தவற்றை இங்குக் கூறுவாம்.

"எல்லாம் அவன் செயல், கவலற்க" என்பது எளிய விடை. அது பொய்யன்று. ஆனால் காய்ச்சலுற்றவனுக்கு விருந்து படைத்தாற்போல, காலமறியாது கூறப்படின் மெய்யும் ஒவ்வாததாய்விடும். நாம் அவ்வாறு கூறி ஒருவரை அனுப்பிவிடும்போது, அவர் துன்பம் நம் செவியை எட்டாதபடி கதவடைத்துக்கொள்வதே பெரும்பாலும் நிகழ்கின்றது. சித்தாந்தம் அத்துணை எளிதில் நம்மை விடுவதில்லை.

உயிரின் இயல்பு யாது? அது சத்துமன்று, அசத்துமன்று. இரண்டையுஞ் சார்ந்து அறியும் சதசத்து என்பர் நம் ஆசிரியர். சார்ந்ததன் வண்ணமாதல் அதன் தன்மை. ஒளியில் ஒளியாயும் இருளில் இருளாயும் நிற்குங் கண்ணையும், அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிற் காட்டும் பளிங்கையும் இதற்கு உவமை கூறுதல் யாவரும் அறிந்ததே. அதனோடு இன்னொன்றும் உண்டு. உயிர் எதனையும் அழுந்தியே அறியும். இறைவன் ஒருவனே எதனிலும் அழுந்தாது அனைத்தையும் ஒருங்கே அறிபவன். இவ்வேறுபாட்டை நாம் பாடமாகப் படிக்கின்றோம்; வாழ்விற் பொருத்திப் பார்ப்பதில்லை.

இன்று நம் அன்பர் பலர் கூறுவது யாது? "நான் நாட்டு நடப்பை அறிந்துகொள்ளத்தானே பார்க்கிறேன், அதிற் பற்று வைக்கவில்லையே" என்பர். சித்தாந்தி அங்ஙனங் கூறல் இயலாது. அழுந்தாது அறிதல் உயிர்க்கு இல்லை. நாளொன்றுக்கு நான்கு நாழிகை பகையையும் வதந்தியையும் பார்ப்பவன் நான்கு நாழிகை பகையிலும் வதந்தியிலும் அழுந்துகின்றான். அழுந்தியவன் அவற்றின் வண்ணமாய் எழுகின்றான். அதன்பின் அவன் அண்ணனைப் பார்க்குங் கண், பகைவனைப் பார்க்குங் கண்ணாகின்றது. இது அவன் குற்றமெனல் ஆகாது. உயிரின் இயல்பு அது. குற்றம், அவ்வியல்பை அறிந்தும் காவலின்றி விட்டமை.

அற்றேல், நாட்டு நடப்பை அறியாது கண்மூடி இருத்தல் வேண்டுமோவெனின், அன்று. காவிரி நாட்டார்க்கு இதனை விளக்கல் எளிது. குறுவைக்கு நீர் வரவில்லையென்று வாய்க்காலைப் பார்த்து நிற்கும் நாமே, ஐப்பசி கார்த்திகையிற் பெருமழை பெய்து சம்பாப் பயிர் மூழ்குங்கால் நள்ளிரவில் மண்வெட்டியுடன் ஓடி வரப்பை வெட்டி விடுகின்றோம். நீர் பகையோ? அன்று. நீர் தேங்கினால் வேர் அழுகும். வடிகால் தூர்ந்த வயல் மடை நன்றாயிருந்தும் பாழ். செய்தி வருதற்கு மடை வைத்துக்கொண்ட நாம் அது வடிதற்கு வழி வைத்தோமில்லை. முன்னோர்க்குக் காலையில் ஒருமுறை செய்தித்தாள், மாலையில் ஒருமுறை வானொலி. இடையே வயல் இருந்தது, திண்ணை இருந்தது, சாயரட்சை இருந்தது. அவர்கள் நம்மினும் அறிவு மிக்கவரென்று அடியேன் கூற வரவில்லை. அவர்கட்கு நீர் தானாக வடிந்தது. நமக்கு வெட்டி விட்டாலன்றி வடியாது.

வெட்டி விடுதற்குரிய இடம் பூசையே. ஆனால் பூசையைக் கவலை தீர்க்கும் மருந்தாக மட்டும் கொள்பவரும் உளர். நாட்டிற் குழப்பம் மிகுந்தோறும் சோதிடர் வாயிலிற் கூட்டம் மிகுகின்றது. நம் வலங்கைமானுக்கு அணித்தாயுள்ள ஆலங்குடிக்குக் குருப்பெயர்ச்சியன்று எத்துணைப் பெருங்கூட்டம் வருகின்றதென்பதை நாம் காண்கின்றோம். அங்கு எழுந்தருளியிருக்கும் பெருமானின் திருநாமமோ ஆபத்சகாயர். இடர்வந்த காலத்துத் துணையாவார் என்பது பொருள். குருவென்று அங்கு வழிபடப்பெறுபவரும் தென்முகக் கடவுளே. ஆபத்துக்கு அஞ்சி ஓடி வருவோர், ஆபத்சகாயர் சன்னிதியை விரைந்து கடந்து, இராசிக்குப் பலன் கேட்க நிற்பதைக் காணின் நகைப்பதோ இரங்குவதோ தெரியவில்லை. இது நிற்க.

இனி, "இறைவன் காப்பான் என்றிருத்தல் சோம்பலுக்கு வழியன்றோ?" என்னும் வினா எழும். இதற்கு விடை நம் வரலாற்றிலேயே உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் செஞ்சியைப் பிசப்பூர்ச் சுல்தானின் படை கைக்கொண்ட கலகக் காலத்தில், 1648-ஆம் ஆண்டின் இறுதியிற் கூத்தப்பெருமான் திருவுருவம் தில்லையினின்றும் வெளியே கொண்டுசெல்லப்பட்டது. குடுமியான்மலையிலும் மதுரையிலும் மறைவாக வைக்கப்பெற்று, 1686-ஆம் ஆண்டிலேயே மீண்டும் தில்லையை அடைந்தது. அந்தணர் முயன்றனர், தஞ்சை மராட்டிய மன்னர் சகசி துணைநின்றார். திருவாரூரிற் கிடைத்த செப்பேடுகள் இவ்வரலாற்றைத் தெரிவிக்கின்றன.

ஏறக்குறைய 38 ஆண்டுகள்! அன்பர்களே, இவ்வெண்ணைச் சற்றே நின்று கருதுக. பெருமான் நீங்கிய ஆண்டிற் பிறந்த மகவு, அவர் மீண்ட ஆண்டிற் பேரன் பேத்தி காணும் பருவத்தை அணுகியிருக்கும். அம்மகவு ஆனித் திருமஞ்சனம் என்று கேட்டிருக்குமேயன்றி அத்திருமேனியைத் தில்லையிற் கண்டிராது. இடையில் நம் சோழநாடும் நிலைபெற்றிருக்கவில்லை. 1673-இல் தஞ்சை விசயராகவ நாயக்கர் மதுரைப் படையோடு பொருது மாண்டார், நாயக்கர் ஆட்சி வீழ்ந்தது, மதுரையார் வந்தனர், சில ஆண்டுகளுள் மராட்டியர் வந்தனர். அக்காலத்து வாழ்ந்த உழவனொருவன் எத்தனை அரசர்க்கு வரி அளந்திருப்பான்! "நாடு என்னாகுமோ" என்னும் வினா அவனுக்கும் உறக்கத்தைக் கெடுத்திருக்கும்.

இங்கு இரண்டு செய்திகள் நம் சிந்தனைக்கு உரியன. முதலாவது, தில்லையந்தணர் "ஆடுபவன் அவன், தன்னைத் தானே காத்துக்கொள்வான்" என்று கூறி வாளாவிருந்தாரல்லர். பெருமானைச் சுமந்து ஊர் ஊராகச் சென்றனர். தம் கை எட்டியதைச் செய்தனர். படையை நிறுத்தல் அவர் கைக்கு எட்டாது. பெருமானைச் சுமத்தல் எட்டும். எட்டாததற்கு அவர் நெஞ்சுடைந்திருப்பின் எட்டியதும் கைகூடியிராது. கடமைக்கும் கவலைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை அடியேன் அறியேன்.

இரண்டாவது இதனினும் நுட்பமானது. ஐந்தொழிலுள் மறைத்தல் ஒன்று. திரோதானம் என்பர். அது சினமன்று, அருளே. மலம் பக்குவமெய்தும் வரை உயிரோடு உடனின்று மறைந்து நடத்தும் அருள். இதனை நாம் எளிதாக எழுதிவிடுகின்றோம். ஐந்தொழிற் கூத்தை இயற்றுபவனே தன் அம்பலத்தினின்று 38 ஆண்டுகள் மறைந்திருந்தான் என்று நினைக்குங்கால் அச்சொல்லுக்கு எடை வருகின்றது. அம்மறைவின் பொருள் இதுவென்று அடியேன் துணிந்து கூறேன். வரலாற்று நிகழ்ச்சிக்கெல்லாம் தத்துவக் காரணங் கற்பிப்பது பண்டிதர்க்குள்ள ஒரு நோய். ஆயினும், காணப்படாமை இல்லாமையன்று என்பதை அக்காலத்து அடியவர் நம்மைப்போல நூலிற் படிக்கவில்லை, வாழ்ந்து அறிந்தனர்.

"கலங்கிய காலத்துச் சைவன்" என்றவுடன் நாம் அனைவரும் அப்பரடிகளையே நினைப்போம். பல்லவன் ஆணையால் நீற்றறையில் இட்டமையும், நஞ்சூட்டியமையும், யானையை ஏவியமையும், கல்லொடு பிணித்துக் கடலில் எறிந்தமையும், கரையேறியமையும் சேக்கிழார் பெருமான் விரித்தோதியவை. அவற்றை இங்கு மீண்டும் விரித்தல் வேண்டா. உண்மையைக் கூறுமிடத்து, அவ்வரலாறு நம்போலியர்க்குச் சற்றே எட்டாததாகவும் உள்ளது. அரசன் அழைப்புக்கு அஞ்சாத நெஞ்சு அழைப்பு வந்த அன்று உண்டானதன்று. அதற்கு முன்னே சூலை இருந்தது. அதற்கும் முன்னே, விளக்கு அணையாது காத்த தமக்கையார் இருந்தார்.

திலகவதியாரைப் பற்றி நம் மேடைகளிற் போதிய அளவு பேசுவதில்லை என்பது அடியேனது நெடுநாட் குறை. அவர் வரலாற்றைக் கலகக் காலத்துக் குடும்பப் பெண்ணொருத்தியின் வரலாறாகப் படித்துப் பாருங்கள். திருவாமூரில் தந்தையார் புகழனார் நோயால் மறைகின்றார். தாயார் மாதினியார் உடன் மறைகின்றார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் அரசன் ஏவலால் வடபுலத்துப் பகைமேற் சென்றவர் போர்க்களத்தில் வீழ்ந்த செய்தி வருகின்றது. அப்போரை அவர் வேண்டவில்லை. அதன் காரணம் அவர்க்குத் தெரிந்திருக்கவும் வேண்டுவதில்லை. அரசியல் என்பது அவர் வீட்டு வாயிலுக்கு ஒரு சாவுச் செய்தியாக மட்டுமே வந்தது. உயிர்விடத் துணிந்தவர், தம்பி அழுது வீழ்ந்தமை கண்டு, அவன் பொருட்டு உயிர் தாங்கினார். பொன்னணி துறந்து, எவ்வுயிர்க்கும் இரங்கி, மனையிலிருந்தே தவம் புரிந்தார். அந்தத் தம்பியும் பின்னர் வேறு சமயம் புக்கார். அப்போதும் அவர் செய்தது யாது? திருவதிகையில் விடியுமுன் எழுந்து அலகிட்டார், மெழுகிட்டார், மாலை தொடுத்தார். தம்பிக்காக இறைவனிடம் விண்ணப்பித்தார். அவ்வளவே. ஆண்டுகள் கழிந்தன. ஓரிரவில் வயிற்றுநோயோடு தம்பி வந்து அடியில் வீழ்ந்தபோது திருநீறு அளிக்கும் கை ஆயத்தமாக இருந்தது.

அலகிடுதல் அரசியலுக்கு மறுமொழியாகுமோ என்று கற்றோர் சிலர் வினவக்கூடும். வினவட்டும். பல்லவனை எதிர்நின்றவரை வளர்த்த கை அந்த அலகு பிடித்த கைதான்.

சமயத் தொண்டர்க்கு மட்டும் உரிய இயல்பு இது என்று கொள்ளற்க. நம் ஊரிலே 1869-ஆம் ஆண்டு பிறந்த சீனிவாச சாத்திரியார் நாட்டு விடுதலைப் போராட்ட காலத்தில் மிதவாதியாய் நின்று, அதுபற்றிப் பெரிதும் பழிக்கப்பட்டவர். அவர் கொள்கை சரியோ தவறோ, அதனை ஆராய்தல் இங்கு நம் வேலையன்று. 1944-இல், உலகப்போர் முடியாத நிலையில், எழுபத்தைந்தாம் அகவையில், அம்முதியவர் மயிலாப்பூரில் இராமாயணத்தைப் பற்றித் தொடர்ந்து சொற்பொழிவாற்றினார். போரைப் பற்றிப் பேசக் கேட்போர் ஆயிரவர் இருந்திருப்பர். அவர் தமக்கு உரியதை எடுத்துப் பேசினார். வைணவக் கதையாயிற்றே என்று நம்மவர் முகஞ்சுளிக்க வேண்டா; ஊர்ப் பாசத்தால் கூறினேன்.

ஊர் என்றவுடன் நம் மாரியம்மன் கோயிற் பாடைக்காவடியும் நினைவுக்கு வருகின்றது. பங்குனியில், கொடு நோயினின்று பிழைத்தவர், நேர்ந்துகொண்டபடி பச்சை மூங்கிற் பாடையிற் பிணம்போற் படுத்து, உறவினர் தோளிற் சுமக்க, கோயிலை வலம் வருகின்றனர். இளமையில் அடியேன் இதனை ஆகமத்திற் காணாத வழக்கென்று குறை கூறியதுண்டு. இப்போது கூறுவதில்லை. அச்சங்கள் அனைத்தையும் உரித்துப் பார்த்தால் உள்ளே எஞ்சுவது இறப்பச்சம் ஒன்றே. நாடு என்னாகுமோ என்பதனுள்ளும் யான் என்னாவேனோ என்பதே ஒளிந்துள்ளது. அந்த யானை ஒருமுறை பாடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தவர் முகத்தை அடியேன் அண்மையில் நின்று பார்த்திருக்கின்றேன். நூல்கள் ஆணவம் மெலிதல் என்று கூறுவதன் சாயல் அங்குச் சிறிது உண்டு.

இதுவரை பிறர் வரலாறு கூறினேன். என்னுடையதைக் கூறாது விடுவது முறையன்று. ஏனெனில் அச்சத்தைப் பற்றி அடியேன் கற்றது அதிற்றான்.

1975-ஆம் ஆண்டு சூன் 25-ஆம் நாள் இரவு நாட்டில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்கட்குத் தணிக்கை வந்தது. 1976 சனவரி 31-இல் நம் மாநில அமைச்சரவை நீக்கப்பட்டது. அதனையடுத்து மிசாச் சட்டத்தின்கீழ் ஊர்தோறும் பலர் சிறைப்பட்டனர். அடியேன் அப்போது மீசை அரும்பிய பையன். எங்கள் தெருவில் கட்சிப் பணி செய்துவந்த ஒருவரையும் ஓர் இரவில் அழைத்துச் சென்றனர். எங்கே வைத்துள்ளனர் என்பது பல நாள் தெரியவில்லை. அவர் மனைவியும் மூன்று சிறு குழந்தைகளும் வீட்டில் இருந்தனர்.

அடுத்த நாள் முதல் அவ்வீட்டுத் திண்ணையில் எவரும் அமரவில்லை. என் தந்தையார் தீயவரல்லர். நாள்தோறும் பூசை முடித்தே உண்பவர். அவரும் அவ்வழியே நடப்பதைத் தவிர்த்துச் சுற்றிச் சென்றார். எங்கள் வீட்டிலிருந்த பழைய துண்டறிக்கைகளும் கட்சிக் கூட்டப் படங்களும் ஒரு நள்ளிரவில் அடுப்பில் எரிந்தன. அவற்றோடு குற்றமற்ற தமிழ்ப் புத்தகங்கள் இரண்டும் எரிந்தன என்பது பிறகே தெரிந்தது. அச்சம் வந்தால் எது நெருப்புக்குரியது, எது அன்று என்பதும் தெரிவதில்லை.

அடியேனுக்குச் சிவஞானபோதம் பாடஞ்சொன்ன முதியவர் ஒருவர் இருந்தார். அரசியல் பேசாதவர்; சிறைப்பட்டவர் கட்சியின்மேல் அவர்க்கு மதிப்பும் இல்லை, அக்கட்சியாரின் கடவுட் கொள்கையால் மனவருத்தமே உண்டு. ஒரு நாள் பாடம் முடிந்ததும் ஒரு பையை என் கையிற் கொடுத்தார். உள்ளே இரண்டு படி அரிசியும் சிறிது பருப்பும் இருந்தன. "அந்த அம்மாள் வீட்டில் கொடுத்துவிட்டு வா" என்றார். அடியேன் நின்றேன். "என்ன?" என்றார். "பார்த்துவிடுவார்கள்" என்றேன். அவர் சினக்கவில்லை, தத்துவமும் பேசவில்லை. "பார்க்கட்டும். என் பெயரைச் சொல்" என்று கூறிவிட்டு உள்ளே சென்றார்.

கொடுத்தேன். ஆனால் தெரு வழியாகச் சென்றேனல்லேன். கொல்லைப்புறச் சந்து வழியாகச் சென்று, வேலிப் படலைத் தள்ளி, கிணற்றடியிற் பையை வைத்துவிட்டு, அந்த அம்மையார் வருமுன் ஓடி வந்தேன். வாரந்தோறும் இவ்வாறே நிகழ்ந்தது. ஓராண்டுக் காலம் ஒரு முறையேனும் அடியேன் அவ்வீட்டு வாயிலில் நின்றேனில்லை. ஒன்று மட்டும் கூறலாம்: பை தூக்கிச் சென்ற அந்நாட்களில் அடியேனுக்கு உறக்கம் வந்தது. அரிசியின் எடை தோளில் இருக்கும்போது நாட்டின் எடை அவ்வளவாகத் தெரியவில்லை. வீட்டில் தந்தையார்க்குத்தான் உறக்கமில்லை. அவர் கையில் ஒன்றும் இல்லை.

1977-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. சிறைப்பட்டோர் வெளிவரத் தொடங்கினர். மார்ச்சு 21-இல் நெருக்கடிநிலையும் விலக்கப்பட்டது. எங்கள் தெருக்காரரும் மெலிந்து வீடு திரும்பினார். தெருவார் எல்லாரும் அன்று மாலை அவர் திண்ணையில் இருந்தனர். என் தந்தையாரும் இருந்தார். அடியேன் மட்டும் போகவில்லை.

நம் இளைய அன்பரிடம் அடியேன் அன்று கூறத் தவறியது இதுவே. மீண்டும் வந்தால், இரவில் கைப்பேசியை வேறு அறையில் வைக்கும்படி கூறுவேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை செய்தி அறிந்தாற் சாலும் என்பேன். ஐந்தெழுத்தை ஓதும்போது மனம் தில்லிக்குச் சென்றால் அதனோடு போராடாது மீட்டுக்கொண்டு வந்து மறுபடியும் தொடங்குமாறு கூறுவேன். அவை யாவரும் கூறுவனவே. அவற்றின்மேல், வரும் திதிக்கு ஒரு திங்கள் முன்னரே அண்ணன் வீட்டு வாயிலிற் சென்று நிற்குமாறு கூறுவேன். வாதத்தில் யார் வென்றார் என்பதை முடித்துக்கொண்டு செல்ல வேண்டுவதில்லை. தந்தைக்குப் பிண்டம் இடுதற்கு இருவர் கை போதும். ஒத்த கருத்து வேண்டுமென்று எந்த ஆகமமும் கூறவில்லை.

வாயிலில் நிற்றல் எளிதன்று என்பது அடியேனுக்குத் தெரியும். சிறை மீண்டவர் வந்து நான்கு நாள் கழித்து, அடியேன் குடமுருட்டிக் கரையில் நின்றபோது தாமே என்னை நோக்கி வந்தார். அடியேனுக்கு ஓடிவிடத் தோன்றியது. அவர் என் தோளிற் கைவைத்துச் சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பிறகு, "தம்பி, கிணற்றடியில் பை வைத்தது நீதானே? அவள் ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தாளாம். கூப்பிட்டால் பயந்துவிடுவாய் என்று கூப்பிடவில்லையாம்" என்றார். அடியேன் தலைகுனிந்து நின்றேன்.

"இனிமேல் வாசல் வழியாகவே வா" என்றார்.

திருச்சிற்றம்பலம்